இடது கிராங்க்குக்குள் இருந்த தகரம்

உன் சைக்கிளின் இடது கிராங்க்கைப் பழைய செய்தித்தாள் ஒன்றின் மேல் வைத்து, அதைப் பார்த்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். கிராங்க் என்றால் என்ன என்று இந்தக் குழுவில் படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சில வாரங்களுக்கு முன்வரை எனக்கும் தெரியாது. பெடலையும் சைக்கிளின் நடு அச்சையும் இணைக்கிற கைதான் கிராங்க். ஒரு முனையில் பெடல், மறுமுனையில் சதுரமாக ஒரு துளை. அந்தத் துளை அச்சின் சதுர முனையைக் கவ்விப் பிடித்திருக்க வேண்டும். இது பிடிக்கவில்லை. அதனால்தான் சைக்கிளில் இருக்க வேண்டியது என் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. கையால் தொட்டால் கறுப்பு ஒட்டுகிறது, சோப்பு போட்டும் போகவில்லை. காலையில் விளக்கேற்றும்போதும் விரல் நுனியில் அந்தக் கறுப்பு இருந்தது. அருவருப்பாக இருந்தது. ஆனால் அது கிரீஸின் மேல் வந்த அருவருப்பு இல்லை.

இதை ஏன் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறாய் அம்மா என்று உனக்குக் கோபம் வரும். நீ பெங்களூருக்குப் போவதற்கு முன்னால் இதே குழுவில்தான் அந்தப் படத்தைப் போட்டாய். கைப்பிடியில் சிவப்பு ரிப்பன் கட்டிய மடக்கு சைக்கிள், ஒரு பக்கம் நீ, மறுபக்கம் வெட்கத்தோடு மீனா. பழையதைத் தூக்கிப் போடாதீர்கள், ஒருவருடைய வாழ்க்கையை மாற்றுங்கள் என்று ஆங்கிலத்தில் கீழே ஒரு வரி. இந்த மராத்தி ஊரில் கட்கியிலும் வானவடியிலும் இருக்கிற நம் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் இதயம் போட்டன. நானும் இரண்டு கும்பிடு போட்டேன். பாராட்டு வாங்கிய இடத்திலேயே இதையும் வாங்கிக்கொள். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்று தெரியும். நல்லது. மெதுவாகப் படி.

நடந்ததை முதலில் சொல்கிறேன். நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற சரோஜாவின் மகள் மீனா, ஆஸ்பத்திரி சமையலறையில் காலை ஆறு மணி வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. ஏரவாடாவில் அவர்கள் சந்திலிருந்து அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. நடந்தால் முக்கால் மணி நேரத்துக்கு மேல். சைக்கிளை வெளியே விட்டால் காலையில் இருக்காது. ஒற்றை அறை வீட்டில் உள்ளே வைக்கவும் இடமில்லை. மடித்து வைக்கிற சைக்கிள் என்பதால்தான் அது அவளுக்குப் பொருந்தியது. அவ்வளவு சரியான பொருளைக் கொடுத்தாய்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை பாலத்தின் ஏற்றத்தில் அவள் எழுந்து நின்று மிதித்திருக்கிறாள். இடது கிராங்க் பெடலோடு சேர்ந்து கழன்று விழுந்துவிட்டது. பின்னால் வந்த டெம்போக்காரன் பிரேக் போட்டதால் என் பிள்ளைக்கு நான் இன்றைக்கு வேறு மாதிரிக் கடிதம் எழுதாமல் தப்பித்தேன். மோவாயில் தையல், இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை. சமையலறையில் மேற்பார்வை பார்க்கிற அம்மா, வரும் திங்கட்கிழமை வரை பொறுக்கிறேன், அதற்குமேல் வேறு பெண்ணைப் போட்டுக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார்களாம்.

அடுத்த நாள் அந்தப் பெண் மோவாயில் பஞ்சு ஒட்டிக்கொண்டு நம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். கையில் பாலித்தீன் பையில் சுற்றிய இந்தக் கிராங்க். "பெரிம்மா, அண்ணன்கிட்ட சொல்லாதீங்க. நான்தான் ஜோரா அழுத்தி மிதிச்சிட்டேன் போல. கசம் சே, சத்தியமா, கல்லு மேலல்லாம் ஏத்தவே இல்ல. ரிப்பேர் செலவு நானே குடுத்துர்றேன்" என்கிறாள். மன்னிப்புக் கேட்கிறாளடா, நம்மிடம்.

அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீயே படித்துப் பார். "அம்மா, ஃப்ரீயா குடுத்த வண்டிக்கு வாரன்டியுமா கேக்குறா? அது டெம்பரரி ஃபிக்ஸ்தான். அவங்க ஏரியாவுல எவனாவது டைட் பண்ணிக் குடுப்பான்னு நெனச்சேன்." டெம்பரரி ஃபிக்ஸ் என்ற சொல்லை நான் அப்போது பிடித்துக்கொள்ளவில்லை. கடைக்குப் போன பிறகுதான் அது எனக்குப் புரிந்தது.

கட்கி பஜாரில் சைக்கிள் கடை வைத்திருக்கிற, சித்தப்பா என்பதுபோல் எல்லோரும் காகா என்று கூப்பிடுகிற தத்தா காகாவிடம் உன் அப்பாவும் நானும் வண்டியைக் கொண்டு போனோம். அவர் கிராங்க்கை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துத் துளைக்குள் பார்த்தார். ஸ்குரூ டிரைவர் நுனியால் நெம்பி, பச்சையாகப் பளபளக்கிற மெல்லிய தகரத் துண்டு ஒன்றை வெளியே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "ஹா பத்ரா கோணி லாவ்லா, தாயி?" இந்தத் தகரத்தை யார் வைத்தது அக்கா என்று கேட்டார். உன் அப்பா கூரையைப் பார்த்தார். பீர் டப்பாவில் வெட்டியது என்று காகா சொன்னார். பீரைப் பற்றி உன்னோடு தனியாகச் சண்டை போட்டுக்கொள்கிறேன், இன்றைக்கு அதற்கு நேரமில்லை.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். அச்சு இரும்பு, கிராங்க் அலுமினியம். கிராங்க் தளர்ந்த பிறகும் அதை மிதித்து ஓட்டினால், கெட்டியான அச்சு மெத்தென்ற துளையைத் தேய்த்துத் தேய்த்து உருண்டையாக்கிவிடும். அதற்கப்புறம் எத்தனை முறை நட்டை முறுக்கினாலும் நிற்காது. கிராங்க்கைத் தூக்கிப் போட வேண்டியதுதான். தகரம் சொருகினால் சில நாள் ஆடாமல் இருக்கும், கொடுப்பதற்குப் போதும். இது உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாதவன் தகரத்தை இவ்வளவு சரியான அளவில் வெட்டியிருக்க மாட்டான். தெரிந்தே சொருகி, மேலே மூடி போட்டு, துடைத்து, ரிப்பன் கட்டி, படம் எடுத்தாய். கோவிலுக்கு எடுத்துப் போகிற பூவை வழியில் முகர்ந்துவிட்டால்கூடத் தூர எறிந்துவிட்டு வேறு வாங்குகிறவள் நான். என் வயிற்றில் பிறந்தவன் ஒரு பெண் பிள்ளை ஏறுகிற வண்டியில் இதைச் செய்திருக்கிறான் என்று நினைக்க நினைக்கக் கடைக்குள் நிற்க முடியவில்லை. கடை வாசலில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். காகா வலது பக்கத்துக் கிராங்க்கையும் கழற்றினார். அந்தப் பக்கம் தகரம் எதுவும் இல்லை. ஆனால் அதுவும் லேசாக ஆடிக்கொண்டுதான் இருந்தது. அச்சின் முனையை விரலால் தடவிப் பார்த்து முகர்ந்தார். "ஹே காய்? ஹள்தி-குங்கூ?" இது என்ன, மஞ்சள் குங்குமமா என்று சிரித்தார். "அச்சுக்கா பூஜை போட்டீங்க தாயி? சத்யநாராயணா பிரசாதம் எங்கே?" கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் செத்துவிட்டது.

உனக்கு நினைவிருக்கும். போன ஆயுத பூஜையன்று நீ இந்த வண்டியைப் பிரித்துப் போட்டிருந்தாய். பின்னால் இருந்த ஆறு பல்சக்கரத்தை ஒன்பதாக மாற்றுகிறேன், முன்னால் பெரிய பல்சக்கரம் போடுகிறேன் என்று புது அச்சு, புது கிராங்க் எல்லாம் வாங்கிப் பேப்பர் மேல் பரப்பி வைத்திருந்தாய். நான் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குழைத்து வைத்துக் குங்குமம் இட்டேன். அச்சின் முனை சதுரமாக இருந்தது. நான்கு முகம், பிரம்மா மாதிரி இருக்கிறதே என்று நான்கு முகத்திலும் தடவினேன், இரண்டு முனையிலும். நீ துணியை எடுத்துக்கொண்டு வந்தாய். "அம்மா, இத தொடச்சிட்டு மாட்டணும்" என்றாய். "பூஜை போட்டத தொடைக்காதடா, மூணு நாளாவது இருக்கட்டும்" என்று நான்தான் உன் கையிலிருந்த துணியைப் பிடுங்கினேன். நீ அலுத்துக்கொண்டு அப்படியே மாட்டி முறுக்கினாய்.

இரும்பும் அலுமினியமும் நேராகக் கடித்துக்கொள்ள வேண்டும், நடுவில் ஒரு முடிகூட இருக்கக் கூடாது என்றார் காகா. ஈரச் சந்தனம் முறுக்கும்போது கெட்டியாகத்தான் இருந்திருக்கும். காய்ந்த பிறகு மாவாகி உதிர்ந்துவிட்டது. அது விட்ட இடைவெளியில்தான் கிராங்க் ஆட ஆரம்பித்தது. ஆக, அந்தப் பெண் விழுந்ததற்கு ஆரம்பம் என் பக்தி. அதற்கு மேல் ஒன்று. நீ வண்டியைக் கொடுத்த அன்று சரோஜாவிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லா பூஜை போட்ட வண்டி, ஒண்ணும் ஆகாது, தைரியமா அனுப்பு" என்றேன்.

வீட்டுக்கு வந்து சுவாமி முன்னால் உட்கார்ந்தேன். வேண்டிக்கொள்ள ஒன்றும் வரவில்லை. என்னிடமே எனக்கு வெறுப்பாக இருந்தது. ஆனாலும் மனசு எவ்வளவு கெட்டிக்காரத்தனமானது பார், அதற்குள் ஒரு கணக்குப் போட்டுவிட்டது. நான் செய்தது அறியாமை, அவன் செய்தது தெரிந்து மறைத்தது, இரண்டும் ஒன்றில்லை என்று. அந்தக் கணக்கைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அடுத்த நாள் தையல் டேப்பையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு ஏரவாடாவுக்குப் போனேன். புது கிராங்க் வாங்குவதற்கு அவள் காலை அளக்க வேண்டியிருந்தது. உண்மையையும் சொல்ல வேண்டியிருந்தது.

முதலில் அளந்தேன், அதுதான் சுலபம். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே பதினாறு அங்குலம். மடித்த வண்டி அதற்குள் நிற்க வேண்டும். உன் அச்சு நீளமானது, கிராங்க் வெளியே துருத்திக்கொண்டு நிற்பதால் இத்தனை நாள் அவர்கள் கட்டிலைத் தினமும் இழுத்துப் போட்டு வைத்திருக்கிறார்கள். நீ கேட்டாயா? நானும் கேட்கவில்லை. பிறகு மீனாவைச் சுவரோடு நிற்க வைத்துக் கால் உள்பக்கம் அளந்தேன். சின்ன உருவம் அவள். உன் உயரத்துக்கு வாங்கிய கிராங்க்கில் மிதிக்க முட்டியை நெஞ்சு வரை தூக்க வேண்டியிருந்திருக்கிறது. "முட்டி வலிக்கலியாடி?" என்றேன். "வலிக்கும் பெரிம்மா. கியர் வண்டின்னா அப்டித்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றாள்.

அப்புறம் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். தகரத்தையும் சொன்னேன், சந்தனத்தையும் சொன்னேன். மீனா உள்ளங்கைக் கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் என் கணக்கையும் எடுத்து வைத்தேன். "சரோஜா, நான் தெரியாம செஞ்சது. அவன் தெரிஞ்சே மறைச்சுக் குடுத்தான் பாரு, அதத்தான் என்னால தாங்க முடியல. இந்தப் புத்தி அவனுக்கு எங்கேர்ந்து வந்ததோ" என்றேன். சரோஜா சிரித்தாள். கோபமாக இருந்தால்கூடப் பரவாயில்லை, சாதாரணமாகத்தான் சிரித்தாள்.

"அக்கா, நீங்க தீபாவளிக்குக் குடுப்பீங்களே, பொடவ. கிழிசல் உள்பக்கமா போற மாதிரி மடிச்சி, மேல மஞ்சள் குங்குமம் வச்சிக் குடுப்பீங்க. அந்த மெரூன் பொடவ இருந்துச்சே, அத நான் எங்க தங்கச்சி நிச்சயத்துக்குக் கட்டிக்கலாம்னு எடுத்து வச்சிருந்தேன். கட்டும்போதுதான் பாத்தேன். முந்தானைக்குக் கிட்ட கை போற அளவுக்குக் கிழிசல். தம்பி பக்கத்துல நின்னுதானே பாத்துட்டு இருக்கும் சின்னப் புள்ளைல. எங்கேர்ந்து வந்துச்சின்னு கேக்கறீங்க?"

அந்த அறையில் அவ்வளவு நெருக்கத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம், எனக்கு முகத்தைத் திருப்ப இடமில்லை. நீ ஒருமுறை கேட்டாய், உனக்கு எட்டு வயதோ ஒன்பதோ. "அம்மா, அது கிழிஞ்சிருக்கே?" என்று. "உள்ள மடிச்சா தெரியாதுடா" என்றேன். சொன்னபோது எனக்குக் கொஞ்சம்கூடக் கூசவில்லை. நல்லது செய்கிறேன் என்ற நினைப்பில்தான் இருந்தேன், நீ ரிப்பன் கட்டியபோது இருந்ததைப் போல. உன்னை ஒன்பது வருடம் ஆங்கிலப் பள்ளியில் படிக்க வைக்க வழி கண்டுபிடித்தவள், எட்டாவதோடு நின்றுபோய் மருந்து அட்டையைப் பார்த்து ஆங்கிலமும் ரேஷன் கடைப் பலகையைப் பார்த்து மராத்தியும் கற்றுக்கொண்டவள் என்று எனக்கு என்னைப் பற்றி ஒரு பெருமை உண்டு. நான் உனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இதுவும்தான். அதனால் உன்னைத் திட்டுகிற உரிமை போய்விட்டது என்று நினைக்காதே. நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்துதான் கழுவ வேண்டும்.

அதற்கடுத்த மூன்று நாளும் கிராங்க் தேடுவதில் போனது. உன் அப்பா போனில் ஒன்றைக் காட்டினார், கறுப்பாகப் பளபளவென்று, ஐந்து நட்சத்திரம். கீழே ஒருவர் எழுதியிருக்கிறார், பெட்டி அழகாக வந்தது, இன்னும் மாட்டவில்லை என்று. மாட்டாமலே ஐந்து நட்சத்திரம். இன்னொன்று பார்க்க அதே மாதிரி, விலை பாதி. சதுரத் துளையின் அளவே எழுதவில்லை. எல்லாச் சதுரமும் ஒன்றில்லையாம், துளை உள்ளே குறுகிப் போகிற சரிவில் சின்ன வித்தியாசம் இருக்குமாம். தவறானதை வாங்கினால் மாட்டிய அன்று நன்றாக இருக்கும், பிறகு அதே கதைதான். "எல்லாம் உட்கார்ந்துடும், வாங்கு" என்றார் உன் அப்பா. எனக்கு வந்த எரிச்சலில் போனைக் கவிழ்த்து வைத்தேன். நம் வீட்டில் இந்த "எல்லாம்" என்ற சொல்லை இனிமேல் கேட்கக் கூடாது.

கடைசியில் தத்தா காகா மூலமாகத்தான் வாங்கினோம். ஒரே கம்பெனியின் அச்சும் கிராங்க்கும், சேர்ந்து பொருந்துகிறவை. அச்சு உன்னுடையதைவிடக் குட்டை. கிராங்க் நூற்று ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர், உன்னுடையது நூற்று எழுபது. கை குட்டையானால் நெம்புகிற பலம் குறையும், அதனால் முன்பக்கப் பல்லையும் குறைக்க வேண்டும் என்றார். உன் ஐம்பத்தாறு பல் சக்கரத்தை எடுத்துவிட்டு நாற்பத்து நான்கு. பின்னால் உன் ஒன்பதையும் கழற்றிவிட்டு, பதினாறு பல்லில் ஒரே ஒரு சக்கரம். செயின் தொய்யாமல் பிடிக்க ஒரு சின்ன உருளை. முன்னும் பின்னும் செயின் நேர்கோட்டில் ஓடுகிறதா என்று நான் தரையில் படுத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். மாட்டுவதற்கு முன்னால் அச்சின் எட்டு முகத்தையும் வெள்ளைத் துணியால் நானே துடைத்தேன், துணியில் ஒன்றும் ஒட்டாத வரைக்கும். காகா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஆதா டீக் ஆஹே, தாயி, புரே" என்றார். போதும் என்று அர்த்தம். இன்னும் ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் கொடுத்தேன். அவர் அளவு காட்டுகிற ஸ்பானர் வைத்து முறுக்கினார், கை உத்தேசத்தில் இல்லை. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி சோதித்தார். அசையவில்லை.

நேற்று மாலை வண்டியை ஏரவாடாவுக்குக் கொண்டு போனோம். ரிப்பன் இல்லை, பொட்டு இல்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே மடித்து வைத்துப் பார்த்தோம், கட்டிலை இழுக்காமல் நின்றது. சரோஜா கிராங்க்கைப் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தாள். மீனா பக்கத்திலேயே வரவில்லை.

"ஏறிப் பாரும்மா" என்றேன்.

"மாட்டேன் பெரிம்மா."

"தத்தா காகா பக்காவா போட்டிருக்காரு. நானே தொடச்சேன்."

"தெரியும். வண்டி நல்லாதான் இருக்கும். நீங்க சொல்றதையும் நம்புறேன்." மோவாய்த் தையலைத் தொட்டுப் பார்த்தாள். "ஆனா நம்பித்தானே போன தடவையும் ஏறினேன். அண்ணன் வரட்டும். அந்தப் பாலத்துல, அந்த ஏத்தத்துல, எழுந்து நின்னு மிதிச்சுக் காமிக்கட்டும். நான் பின்னாடியே நடந்து வந்து பாக்கறேன். அப்புறம் ஏறுறேன்."

உனக்கு லீவு கிடைக்காது, வேலை அதிகம் என்று என் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. அதையும் உள்ளே மடித்து வைக்கப் பார்த்தேன் போல. நல்லவேளை, சொல்லவில்லை. "வருவான்" என்றேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் வேலையில் நிற்க வேண்டும். அதனால் சனிக்கிழமை இரவு பஸ் பிடி, ஞாயிற்றுக்கிழமை இங்கே இரு. பணமோ பரிசோ கொண்டுவராதே, போனையும் வெளியே எடுக்காதே. அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதித் தரப் போவதில்லை. சீட்டை உன் உயரத்துக்குத் தூக்காமல் அவள் உயரத்திலேயே வைத்து ஓட்டு. கிராங்க் குட்டை என்பதால் கால் சின்னச் சின்ன வட்டமாகத்தான் சுற்றும், ஏற்றத்தில் உனக்கு மூச்சு வாங்கும், பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாகக்கூட இருக்கும். இருக்கட்டும். அது உன் காலுக்கு அளவெடுத்ததில்லை.